கனரக வாகனச் சுமையும் சாலைப் பாலங்களின் பாதுகாப்பும்: கோலார் தங்கவயல் தரும் பாடம்

கர்நாடக மாநிலத்தின் கிழக்கு எல்லையில் அமைந்துள்ள கோலார் மாவட்டம் ஏரிகளின் நாடாகும். பாலாறு இம்மாவட்டத்தின் வழியே பாய்கிறது. எனினும் ஆண்டு முழுவதும் நீரோடும் பேராறு எதுவும் இங்கில்லை. ஆயிரக்கணக்கான ஏரிகளும், அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் கால்வாய்களும், மழைக்காலத்தில் மட்டும் பெருகும் ஓடைகளுமே இப்பகுதியின் நீர்வழிகள். ஆகவே இங்குள்ள சாலைகளில் நெடும் பாலங்கள் அரிது. நான்கைந்து மீட்டர் முதல் பத்துப் பன்னிரண்டு மீட்டர் வரை கண் அகலமுள்ள சிறுபாலங்களே மிகுதி. பாலப் பாதுகாப்பு என்றவுடன் கங்கை, கோதாவரி மீதுள்ள பெரும் பாலங்களையே எண்ணுவது வழக்கம். ஆனால் வாகனச் சுமையின் தாக்கத்தை நேரடியாக, யாதொரு தணிவுமின்றி ஏற்பவை இச்சிறுபாலங்களே.

சுமை என்பது இவ்வட்டாரத்திற்குப் புதியதன்று. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் தங்கச் சுரங்கங்களின் பொறுப்பை ஏற்ற பின்னர், நீராவிக் கொதிகலன்களும் பாறையை நொறுக்கும் எந்திரங்களும் இருப்புப்பாதை நிலையத்திலிருந்து மாட்டு வண்டிகளில் இழுத்துவரப்பட்டன. 1894-இல் இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்திற்கு இருப்புப்பாதை அமைந்த பிறகே சாலையின் பாரம் குறைந்தது. 2001 பிப்ரவரி 28-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. ஆயினும் தங்கவயல் கனரகச் சுமைகளின் ஊராகவே நீடிக்கிறது. 1964-இல் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனமான பாரத் எர்த் மூவர்ஸின் தொழிற்கூடம் இங்குள்ளது. நிலத்தைச் சமன் செய்யும் புல்டோசர்களும் மண் அகழும் பொறிகளும் இங்கு உருவாகின்றன. ஒன்றின் எடையே பல பத்து டன்களாக இருக்கக்கூடிய இப்பொறிகளில் ஒன்று டிரெய்லரில் ஏறி ஊரைக் கடக்கும்போது, சாலையோரம் நிற்போர் மனத்தில் எழும் ஐயம் இயல்பானதே: இப்பாரத்தைப் பாலம் தாங்குமா?

அதே சாலையில், அதே நாளில், ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர் லாரிகள் வரிசையாகச் செல்கின்றன. கோலார் மாவட்டம் கருங்கல் குவாரிகளுக்கும், மாலூர் வட்டம் செங்கல், ஓட்டுத் தொழிலுக்கும் பெயர் பெற்றவை. பெங்களூரின் கட்டுமானப் பசிக்கு இரைபோடும் இந்த லாரிகளைக் கண்டு ஒருவரும் ஐயுறுவதில்லை. இவ்விரு சுமைகளுள் பாலத்திற்குத் தீங்கு விளைப்பது எது என்பதே இங்கு ஆராயத்தக்க வினா.

பாலம் எதை நம்பிக் கட்டப்படுகிறது?

இந்தியாவில் சாலைப் பாலங்களின் வடிவமைப்புச் சுமையை வகுப்பது 1934-இல் நிறுவப்பட்ட இந்தியச் சாலைகள் காங்கிரஸ் ஆகும். அதன் விதித்தொகுப்பு, உண்மையில் சாலையில் ஓடும் எந்த ஒரு வாகனத்தையும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. பல்வகை வாகனங்களின் விளைவை உள்ளடக்கிய கற்பனைத் தொடர் ஒன்றை அது வகுத்துள்ளது. 'ஏ' வகுப்புச் சுமை எனப்படும் தொடரில் எட்டு அச்சுகள் உள்ளன. மொத்த எடை 55.4 டன். அவற்றுள் மிகக் கனமான இரண்டு அச்சுகள் 11.4 டன் வீதம், 1.2 மீட்டர் இடைவெளியில் அமைந்தவை. தற்காலிகப் பாலங்கள், மரப்பாலங்கள் போன்றவற்றுக்கான 'பி' வகுப்பில் இதே அச்சுகள் 6.8 டன் வீதமே. முக்கியச் சாலைகளுக்கு 'ஏஏ', '70 ஆர்' ஆகிய கடுமையான வகுப்புகளும் உள்ளன. இவை இராணுவ ஊர்திகளை மனத்திற்கொண்டு உருவானவை.

இங்கு ஒரு சிறு விளக்கம் சுவை தரும். 'ஏஏ' வகுப்பின் சங்கிலிச் சக்கர ஊர்தி 70 டன் எடையுள்ளது. ஆனால் அந்த எடை 3.6 மீட்டர் நீளமும் 0.85 மீட்டர் அகலமும் கொண்ட இரு பட்டைகளில் பரவி நிற்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு விழும் அழுத்தம் ஒரு கிலோவைச் சற்றே மிஞ்சும். சாதாரண லாரியின் டயரிலோ அது ஏழு, எட்டுக் கிலோ. எனவே 'எவ்வளவு எடை' என்ற கேள்வி மட்டும் போதாது. 'எவ்வளவு இடத்தில், எந்த அச்சில், எந்தக் கண்ணின் மீது' என்பனவும் சேர்ந்தாலே விடை கிடைக்கும்.

நெடுங்கண் பாலங்களில் பாலத்தின் சொந்த எடையே பெரும்பங்கு வகிக்கிறது. வாகனச் சுமை அதன்மேல் ஒரு கூட்டுத்தொகை மட்டுமே. சிறுபாலத்தில் நிலைமை தலைகீழ். அங்கு சொந்த எடை சொற்பம். லாரி முழுவதும் ஒரே சமயத்தில் கண்ணுக்குள் அடங்குவதும் இல்லை. பின்புறத்து இரட்டை அச்சு நடுவில் வந்து நிற்கும் கணமே தீர்மானிப்பது. கோலார் போன்ற ஏரி நாட்டில் அச்சுச் சுமைக் கட்டுப்பாடு ஏன் மொத்த எடைக் கட்டுப்பாட்டைவிட முதன்மையானது என்பது இதனால் விளங்கும்.

ஆறு மீட்டர் கண்ணில் ஒரு கணக்கு

மாணவர்கள் தாளும் பென்சிலும் கொண்டு தாமே சரிபார்க்கக்கூடிய ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். இரு முனைகளிலும் தாங்கப்பெற்ற ஆறு மீட்டர் கண் ஒன்று, இரு வழித்தடங்கள். பாலத்தை வளைக்க முயலும் விளைவை வளைவுத் திருப்புத்திறன் என்பர். அதன் அலகு டன்-மீட்டர்.

'ஏ' வகுப்பின் இரு 11.4 டன் அச்சுகள் மிகப் பாதகமான இடத்தில் நிற்கும்போது ஒரு தடத்தில் எழும் திருப்புத்திறன் 27.7 டன்-மீட்டர். 2018 ஜூலைக்கு முன்பு, இரட்டை அச்சுக்குச் சட்டம் அனுமதித்த எடை 19 டன். அச்சுகளின் இடைவெளி 1.35 மீட்டர் என்று கொண்டால் அது தருவது 22.4. அவ்வாண்டு மத்திய அரசு இந்த வரம்பை 21 டன்னாக உயர்த்தியது. நான்கு டயர் கொண்ட தனி அச்சின் வரம்பும் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்ந்தது; மூன்று அச்சு லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆயிற்று. புதிய வரம்பின்படி திருப்புத்திறன் 24.8. அதாவது, 'ஏ' வகுப்பின் அளவில் 81 விழுக்காடாக இருந்தது 90 விழுக்காட்டை நெருங்கிற்று. சரக்குப் போக்குவரத்துச் செலவைக் குறைக்க வேண்டும் என்ற நோக்கில் எடுக்கப்பட்ட அம்முடிவு 'ஏ' வகுப்புப் பாலத்தின் எல்லைக்குள் அடங்குவதே. ஆனால் வரம்பை மீறுவோருக்கு முன்பு கிடைத்த இடைவெளி ஏறத்தாழப் பாதியாகிவிட்டது என்பதும் உண்மை. 'பி' வகுப்பின் அளவுக்கே வலுவுள்ள ஒரு பழைய பாலத்திற்கோ நிலைமை வேறு. அவ்வகுப்பு தருவது 16.5 மட்டுமே. சட்டத்திற்கு முற்றிலும் உட்பட்ட லாரியே அதனை ஒன்றரை மடங்கு சோதிக்கிறது.

இனி மீறலைப் பார்ப்போம். இரட்டை அச்சில் 30 டன் விழுமாறு ஜல்லி நிரப்பப்பட்ட லாரி 35.4 டன்-மீட்டர் தருகிறது. 'ஏ' வகுப்பைவிட 28 விழுக்காடு மிகுதி. அத்தகைய இரு லாரிகள் எதிரெதிரே வந்து பாலத்தின் நடுவில் சந்தித்தால் 70.8. ஓடும் சக்கரம் தரும் அதிர்ச்சியையும் சேர்க்க வேண்டும். விதித்தொகுப்பின்படி 4.5 என்ற எண்ணை, கண்ணின் நீளத்துடன் 6-ஐக் கூட்டி வரும் எண்ணால் வகுத்தால் கிடைப்பது அதிர்ச்சிப் பங்கு. 30 மீட்டர் கண்ணில் அது 12.5 விழுக்காடு, ஆறு மீட்டர் கண்ணில் 37.5 விழுக்காடு. ஆக இரு லாரிகளின் விளைவு 97 டன்-மீட்டரைத் தாண்டுகிறது. இரு தடங்களிலும் 'ஏ' வகுப்பு நிற்கும்போது, அதிர்ச்சி உட்பட, பாலம் எதிர்பார்த்திருப்பது 76 மட்டுமே.

இப்போது கனரகப் பொறியை ஏற்றிய டிரெய்லரைக் கணக்கிடுவோம். பொறியும் டிரெய்லரும் சேர்ந்து 96 டன் என்றும், அது எட்டு வரிசை அச்சுகளில் 12 டன் வீதம் 1.5 மீட்டர் இடைவெளியில் பகிரப்படுகிறது என்றும் கொள்வோம். ஆறு மீட்டர் கண்ணுக்குள் ஒரே நேரத்தில் நான்கு வரிசைகளே அடங்கும். கண்ணின் நடுவில் திருப்புத்திறன் 36 டன்-மீட்டர். அளவு மிஞ்சிய சரக்குக்கான அனுமதியில் விதிக்கப்படும் நிபந்தனைகள் எல்லாரும் அறிந்தவை: பாலத்தின் மீது வேறு வாகனம் இருத்தலாகாது, நடுக்கோட்டில் செல்ல வேண்டும், மணிக்கு 5 கிலோமீட்டர் போன்ற மிகக் குறைந்த வேகம், நடுவில் பிரேக் போடலாகாது. இவை கடைப்பிடிக்கப்பட்டால் எதிர்த்தடம் காலி; அதிர்ச்சியும் ஏறக்குறைய இல்லை. 36 என்பது 36-ஆகவே நிற்கும். இரண்டு லாரிகளின் மொத்த எடை 76 டன் அளவே இருக்கலாம். எனினும் அவை இரண்டும் பாலத்திற்குத் தரும் சோதனை, 96 டன் டிரெய்லர் தருவதைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல்.

நிபந்தனைகள் வெறும் சடங்கல்ல என்பதற்கும் இக்கணக்கே சான்று. டிரெய்லர் நடுவை விட்டு ஓரமாகச் சென்றால், ஓர உத்தரம் தன் பங்குக்கு மேல் சுமக்க நேரிடும். நின்று பிரேக் போட்டால், தாங்கிகளின் மீது கிடைமட்ட விசை பாயும். காவலர் ஊர்தி முன்னே செல்வது ஆடம்பரத்திற்காக அன்று.

சுமை எவ்வாறு கேடு செய்கிறது?

வடிவமைப்பு எல்லையை மீறிய முதல் நாளே பாலம் விழுந்துவிடுவதில்லை. கட்டுமானத்தில் வைக்கப்படும் பாதுகாப்புக் காரணி அதனைத் தாங்கிப் பிடிக்கிறது. இதுவே மீறலுக்குத் துணிவும் தருகிறது. "நேற்றும் போனோமே, ஒன்றும் ஆகவில்லையே" என்ற வாதம் எழுகிறது. கேடு மெல்ல நிகழ்வது. மிகைச்சுமை கான்கிரீட்டில் மயிரிழை வெடிப்புகளை அகலமாக்குகிறது, அவற்றின் வழியே நீர் புகுகிறது, உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருக்கிறது, மேலுறை உதிர்கிறது. விரிவிணைப்புகள் உடைந்தால் ஒவ்வொரு சக்கரமும் சுத்தியலாகிறது. பாலத்தின் நுழைவாயிலில் உள்ள ஒரு பள்ளம், கணக்கில் கண்ட அதிர்ச்சிப் பங்கை மேலும் உயர்த்திவிடும். பல இலட்ச ரூபாய் செலவில் வலுவூட்டத் திட்டமிடும் துறைகள், சில கூடை தார்க்கலவையால் அப்பள்ளத்தை நிரப்ப மறப்பதுண்டு.

தக்காணப் பகுதிச் சாலைகளில் கருங்கற் பலகைகளைப் பரப்பிக் கட்டிய பழைய சிறுபாலங்கள் தனிக் கவனத்திற்குரியவை. கருங்கல் அழுத்தத்தைத் தாங்குவதில் நிகரற்றது; இழுவிசையைத் தாங்குவதில் பலவீனமானது. கம்பியிட்ட கான்கிரீட் வெடித்து, தொய்ந்து எச்சரிக்கை தரும். கற்பலகை அவ்வாறன்றி ஒரே கணத்தில் இரண்டாகும். கல் வளைவுப் பாலங்கள் இத்தகையன அல்ல. சொந்த எடையே அவற்றை இறுக்கிப் பிடிப்பதால் நூறாண்டு கடந்தும் அவற்றுள் பல நிற்கின்றன.

அமெரிக்க நாட்டின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்னுமிடத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த பெரும் சாலைச் சோதனையிலிருந்து ஒரு விதி பிறந்தது: சாலைத்தளத்தின் தேய்மானம் அச்சுச் சுமையின் ஏறக்குறைய நான்காம் படிக்கு ஏற்ப வளரும். 10.2 டன்னுக்குப் பதில் 15 டன் அச்சு ஓடினால் தேய்மானம் 4.7 மடங்கு. இவ்விதியைப் பாலத்திற்கும் அப்படியே பொருத்துவது அலுவலகக் குறிப்புகளில் அடிக்கடி காணப்படும் பிழை. எஃகு உத்தரத்தின் பற்றவைப்புகளில் களைப்பு ஏறக்குறைய மூன்றாம் படிக்கு ஏற்ப வளரும்; அதே எடுத்துக்காட்டில் சுமார் 3.2 மடங்கு. கான்கிரீட் பாலத்திற்கோ இத்தகைய எளிய படிவிதி எதுவும் பொருந்தாது; அங்கு நீரும் காலமும் சுமையின் கூட்டாளிகள்.

இந்தக் கூட்டணியைப் பற்றி மிகைப்படுத்தாமல் பேசுவது நன்று. 1977 முதல் 2017 வரை இந்தியாவில் வீழ்ந்த 2,130 பாலங்களை ஆராய்ந்தவர்கள், ஏறத்தாழ 80 விழுக்காட்டுக்கு வெள்ளம் முதலிய இயற்கைச் சீற்றங்களையும், 10 விழுக்காட்டுக்குப் பொருள்களின் சீர்கேட்டையும், மூன்று விழுக்காட்டுக்குச் சற்று மேல் மிகைச்சுமையையும் காரணமாகக் கண்டனர். வீழ்ந்த பாலங்களின் சராசரி வயது சுமார் 35 ஆண்டுகளே. மிகைச்சுமை தனித்துக் கொல்வது குறைவு என்பதே இதன் பொருள். ஆனால் 'சீர்கேடு' என்ற தலைப்பின்கீழ் எழுதப்பட்டவற்றில், வெடிப்பை முதலில் திறந்துவிட்டது எது என்பதை எந்தப் பட்டியலும் பதிவதில்லை.

கர்நாடகத்திலேயே, கார்வாருக்கு அருகில் காளி ஆற்றின் மீது கோவா நெடுஞ்சாலையிலிருந்த, சுமார் 40 ஆண்டு பழைமையான பாலம் 2024 ஆகஸ்டு 7 அன்று நள்ளிரவுக்குப் பின் இடிந்தது. அதன்மேல் சென்ற லாரி ஆற்றில் விழுந்தது. ஓட்டுநர் உயிருடன் மீட்கப்பட்டார். அதற்கு அடுத்த ஆண்டு, 2025 ஜூலை 9 அன்று, குஜராத்தில் மஹி ஆற்றின் மீதிருந்த கம்பீரா பாலத்தின் ஒரு கண் வாகனங்களோடு விழுந்து இருபது பேர் வரை உயிரிழந்தனர். அது 1985-இல் திறக்கப்பட்டது. தூணின் மேலிருந்த பீடமும் கண்களை இணைக்கும் மூட்டும் நொறுங்கியதே காரணம் என முதற்கட்ட ஆய்வைக் கொண்டு அம்மாநில அரசு அறிவித்தது. பாட்னாவில் கங்கையின் மீது 1982-இல் திறக்கப்பட்ட ஐந்தரைக் கிலோமீட்டர் நீளமுள்ள மகாத்மா காந்தி பாலம் இடியவில்லை. ஆனால் அதன் கான்கிரீட் மேற்கட்டுமானம் முழுவதையும் அகற்றி எஃகால் மாற்ற நேர்ந்தது. அப்பணி 2022-இல் முடிந்தது. நூற்றாண்டு வாழ வேண்டிய முதலீடு நாற்பதாண்டில் இரண்டாம் முறை செய்யப்பட்டது.

மிகைச்சுமையின் பொருளாதாரம்

லாரி உரிமையாளரின் கணக்கு மிக எளியது. ஓட்டுநர் ஊதியம், வாகனக் கடனின் தவணை, சுங்கக் கட்டணம் ஆகியவை எடை கூடினாலும் கூடுவதில்லை. டீசல் மட்டும் ஓரளவு கூடும். கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு டன்னும் ஏறக்குறைய முழு இலாபம். அதனால் பாலத்திற்கு நேரும் தேய்மானமோ அவருடைய கணக்கேட்டில் இடம்பெறாது; அது பொதுப்பணித் துறையின் ஏட்டிலும், விபத்து நேர்ந்தால் யாரோ ஒருவருடைய குடும்பத்திலும் எழுதப்படும். ஒருவர் மட்டும் சட்டப்படி ஏற்றினால், மற்றவர்கள் குறைக்கும் வாடகைக்கு ஈடுகொடுக்க முடியாமல் அவர் தொழிலை விட நேரும். ஆகவே இதை ஓட்டுநரின் பேராசை என்று மட்டும் சொல்லி முடித்துவிட இயலாது.

மோட்டார் வாகனச் சட்டம் இதை அறிந்தே வகுக்கப்பட்டது. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 114-ஆம் பிரிவு, மிகைச் சரக்கை அங்கேயே இறக்குமாறு பணிக்க அலுவலருக்கு அதிகாரம் அளிக்கிறது. சில மாநிலங்கள் முன்கூட்டியே கட்டணம் பெற்று அட்டைகள் வழங்கி மிகைச்சுமையை அனுமதித்து வந்தன. 2005 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கம் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அபராதத்தை 20,000 ரூபாயாகவும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயாகவும் உயர்த்தியது.

பத்து டன் மிகையாக ஏற்றியவர் பிடிபட்டால் 40,000 ரூபாய் கட்ட வேண்டும். அந்த நடையில் அவருக்குக் கிடைக்கும் கூடுதல் வருவாய் 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இருபது நடைக்கு ஒரு முறைக்கு மேல் பிடிபடும் வாய்ப்பு இருந்தாலன்றி அபராதம் அவரைத் தடுக்காது. அது ஒரு செலவினமாக மட்டுமே ஆகிவிடும். ஐம்பது நடைக்கு ஒரு முறை பிடிக்கும் கண்காணிப்பில் அபராதத்தை எவ்வளவு உயர்த்தினாலும், அந்த உயர்வின் ஒரு பகுதி சாலையோரத்திலேயே கைமாறும் ஆபத்தும் உண்டு. ஆனால் சரக்கை இறக்க வைப்பது வேறு வகையானது. அதனால் அந்த நடையின் இலாபம் மட்டுமன்றி நாளும் போகிறது. இறக்கிய சரக்கை வைக்க இடமும், இறக்க ஆளும் இல்லை என்ற காரணத்தால் பல இடங்களில் இப்பிரிவு ஏட்டளவில் நின்றுவிடுகிறது. இதற்குச் சாலையோரத்தைவிடச் சிறந்த இடம் குவாரியின் வாயிலே. அங்கு எடைமேடையில் எழும் சீட்டு இன்றி லாரி வெளியேற முடியாதெனில், மிகைச்சரக்கை இறக்க வேண்டிய தேவையே எழாது.

பாலங்களின் பட்டியல் என்னவோ இப்போது கைவசம் உள்ளது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2016-இல் தொடங்கிய இந்தியப் பால மேலாண்மை அமைப்பு, தேசிய நெடுஞ்சாலைகளில் 1,72,517 கட்டமைப்புகளைப் பதிவு செய்தது. அவற்றுள் 1,34,229 சிறுபாலங்கள். ஆனால் தேசிய நெடுஞ்சாலை அல்லாத மாவட்ட, ஊராட்சிச் சாலைகள் இக்கணக்கில் சேரா. சுங்கச் சாவடியையும் எடைமேடையையும் தவிர்க்க விரும்பும் லாரி நாடுவது அச்சாலைகளைத்தான்.

கோலார் மாவட்டத்தில் இது நாளை வரப்போகும் சிக்கலன்று. பெங்களூர்–சென்னை விரைவுச் சாலையின் கர்நாடகப் பகுதி, ஹொசகோட்டையிலிருந்து மாலூர், பங்காருப்பேட்டை வழியாகத் தங்கவயல் வட்டத்தின் பேதமங்கலா வரை, 2024-இன் இறுதியில் வாகனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதன் பாலங்கள் இன்றைய விதித்தொகுப்பின்படி கட்டப்பட்டவை. அவற்றைப் பற்றிய கவலை குறைவு. விரைவுச் சாலையில் ஏறவும் இறங்கவும் லாரிகள் பயன்படுத்தும் இணைப்புச் சாலைகளின் ஏரிக்கால்வாய்ப் பாலங்களே கவனத்திற்குரியவை. அவை எந்த வகுப்புச் சுமைக்குக் கட்டப்பட்டன என்ற வரைபடம் பல வேளைகளில் கிடைக்காது. வரைபடம் இல்லாத பாலத்தின் வலுவை அளந்தறியும் முறையை இந்தியச் சாலைகள் காங்கிரஸின் சிறப்பு வெளியீடு 37 விவரிக்கிறது. கண்ணையும் பலகையின் தடிப்பையும் அளத்தல், கம்பியின் அளவைக் கருவியால் அறிதல், தேவையானால் எடை தெரிந்த லாரியை நிறுத்தித் தொய்வைக் குறித்தல் என அது படிப்படியாகச் செல்கிறது. ஆறு மீட்டர் கண்ணுக்கு இது பெரும் பணியன்று. முடிவில் கிடைக்கும் எண்ணைப் பாலத்தின் இரு முனைகளிலும் பலகையில் எழுதும்போது மொத்த எடையை மட்டும் குறிக்காமல் அச்சு எடையையும் குறித்தல் வேண்டும். மொத்த எடைக்குள் அடங்கிய லாரியும், சரக்கு முழுவதையும் பின்புறம் குவித்திருந்தால், இத்தகைய சிறுபாலத்தின் எல்லையை மீறிவிடக்கூடும்.